டுபாய் வேலை வந்துவிட்டதா? எண்பதால் பெருக்குமுன் இதை வாசியுங்கள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பிள்ளைக்கு டுபாயில் வேலை சரிவந்துவிட்டது என்றால் வீட்டில் முதலில் தேடுவது கல்குலேற்றரைத்தான். சம்பளம் 2,500 திர்ஹம். ஒரு திர்ஹம் 80 ரூபாவுக்குச் சற்று மேலே நிற்கிறது. பெருக்கினால் இரண்டு இலட்சம் ரூபா! அக்காவின் கலியாணம், கூரை போடாமல் நிற்கிற வீடு, வங்கியில் கிடக்கிற நகை எல்லாவற்றுக்கும் அன்றிரவே கணக்குத் தீர்ந்துவிடும். போகிற ஆள் இன்னும் சூட்கேஸ் கூட வாங்கியிருக்க மாட்டார்.

அந்தக் கணக்கு ஏன் பிழைக்கிறது, எந்தக் காசு எப்போது கையைவிட்டுப் போகிறது, எந்தக் கடதாசியை எப்போது எடுக்க வேண்டும் என்பதைப் போன பிறகு தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டவன் நான். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கணக்குச் சுலபத்துக்காக எல்லா இடத்திலும் ஒரு திர்ஹத்தை 80 ரூபா என்றே வைத்திருக்கிறேன். திர்ஹம் அமெரிக்க டொலரோடு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால், நம் ரூபாவுக்கு டொலர் விலை மாறும்போது இதுவும் மாறும். புறப்படும் கிழமையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. சம்பளத்தைப் பெருக்க வேண்டாம், கழித்துப் பாருங்கள்

இரண்டு வேலை வந்திருக்கிறது என்று வையுங்கள். ஒன்றில் 2,500 திர்ஹம், ஆனால் தங்குமிடம், போக்குவரத்து எல்லாம் உங்கள் பாடு. மற்றதில் 1,600 திர்ஹம்தான், ஆனால் கம்பனியே அறையும் கொடுத்து பஸ்ஸிலும் ஏற்றி இறக்குகிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்வார்கள்.

இப்போது கழியுங்கள். முதலாவது வேலையில் படுக்கைக்கு 800, சாப்பாட்டுக்கு 500, மெற்றோவுக்கு 230, போனுக்கு 80, சவர்க்காரம், தலைமுடி வெட்டு, சில்லறைச் சாமான்களுக்கு 120. மொத்தம் 1,730 போய்விட்டது. மிஞ்சுவது 770. இரண்டாவது வேலையில் சாப்பாடு, போன், சில்லறை மட்டும்தான், 700 திர்ஹம். மிஞ்சுவது 900. ரூபாயில் சொன்னால் முதலாவதில் 61,600, இரண்டாவதில் 72,000. பெரிய சம்பளம் தோற்றுவிட்டது.

ஆகவே ஏஜென்சியிடமோ கம்பனியிடமோ கேட்கவேண்டிய முதல் கேள்வி, “அறை யாருடையது, போய்வரும் பஸ் யாருடையது?” என்பது. பதில் எழுத்தில் இருக்க வேண்டும். “போனதும் எல்லாம் செய்து தருவார்கள்” என்று வாயால் சொல்வது செல்லாது. இன்னொன்றும் தெரிந்திருங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனம், 1,500 திர்ஹத்துக்குக் குறைந்த சம்பளக்காரருக்குத் தங்குமிடம் கொடுத்தாக வேண்டும் என்பது அங்குள்ள தொழில் அமைச்சின் விதி.

2. ஒஃபர் லெற்றரில் எந்த வரியைப் பார்ப்பது

டுபாய் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை அனுமதிக்கு முன் தொழில் அமைச்சின் படிவத்தில் ஒஃபர் லெற்றர் வரும். அரபு, ஆங்கிலத்தோடு மூன்றாவது மொழியாகத் தமிழிலும் அதைப் பெறலாம். ஆங்கிலம் விளங்காவிட்டால் வெட்கப்படாமல் தமிழ்ப் பிரதி கேளுங்கள். கையெழுத்து வைத்த பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

அதில் மொத்தச் சம்பளத்தை விட “அடிப்படைச் சம்பளம்” என்ற வரிதான் முக்கியம். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் வரும். ஓவர்டைமும் அடிப்படையை வைத்துத்தான்: சாதாரண நேரத்தில் 25 வீதம் கூட, இரவு 10 மணியிலிருந்து காலை 4 மணிவரை 50 வீதம் கூட. மொத்தம் 2,500 என்று போட்டு அடிப்படையை 1,000 ஆக வைத்தால் பணிக்கொடை வருடத்துக்கு 700 திர்ஹம். அடிப்படை 1,600 என்றால் 1,120. மாதச் சம்பளம் ஒன்றாகவே இருந்தும் இந்த வித்தியாசம்.

தகுதிகாண் காலம் (புறொபேஷன்) ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. வீசாச் செலவு, ஆள் எடுக்கும் செலவு இரண்டையும் முதலாளிதான் கட்டவேண்டும், தொழிலாளியிடம் அறவிட முடியாது என்று 2021 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் தொழிற்சட்டம் சொல்கிறது. “வீசாக் காசு சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுவோம்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே யோசியுங்கள்.

விசிற் வீசாவில் போய் அங்கே வேலை தேடு என்பவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசிற் வீசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். நாள் கடந்து நின்றால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம். வேலை கிடைக்காமல் ஒரு மாதம் கூடுதலாக நின்றால் 1,500 திர்ஹம், அதாவது 1,20,000 ரூபா. போக வேண்டாம்.

3. ஆவணங்கள்: பெயரில் தொடங்குங்கள்

வன்னியில் பலருடைய ஆவணங்கள் இடப்பெயர்வில் தொலைந்து, பிறகு தனித்தனியாக மறுபடி எடுத்தவை. அதனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, சாதாரண தரச் சான்றிதழில் வேறொன்று என்று இருப்பது சாதாரணம். ஊரில் இது ஒரு பிரச்சினையே இல்லை, விதானைக்கு உங்களைத் தெரியும். டுபாயில் கம்பியூட்டருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஆங்கிலப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் இதைச் செய்ய வேண்டும், பிறகல்ல.

கடவுச்சீட்டில் பெயர் ஒரே சொல்லாக இருக்கக்கூடாது. ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டு விடயத்தில் 2022 நவம்பரில் அமீரகம் விதியை இறுக்கியது. குடும்பப்பெயர்க் கட்டத்தில் தகப்பனின் பெயரும் மற்றக் கட்டத்தில் உங்கள் பெயரும் வரும்படி நிரப்புங்கள். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட வேண்டாம்.

கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் கிளை அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. 2024 தொடக்கத்திலிருந்து சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா. படம் அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும், வீட்டில் இருக்கும் பழைய படம் சரிவராது. சாதாரண சேவையில் எப்போது கையில் கிடைக்கும் என்பதை நம்பி ஒரு திட்டமும் போடாதீர்கள். வேலை தேடத் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பம் போடுவது நல்லது.

கல்விச் சான்றிதழ் கேட்கும் வேலை என்றால் அது தனிப் பயணம். பரீட்சைத் திணைக்களத்தில் உறுதிப்படுத்தி, வெளிவிவகார அமைச்சில் அத்தாட்சி பெற்று, கொழும்பில் உள்ள அமீரகத் தூதரகத்தில் முத்திரை வாங்கி, கடைசியில் அங்குள்ள வெளிவிவகார அமைச்சிலும் அத்தாட்சி பெறவேண்டும். அந்தக் கடைசி அத்தாட்சிக்கு மட்டும் சான்றிதழ் ஒன்றுக்கு 150 திர்ஹம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் கிளை யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து காலை பஸ் எடுத்தால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். தூதரகத்துக்குத்தான் கொழும்பு. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஒரே தரத்தில் மூன்று பிரதியாக எடுத்து வையுங்கள். பிறகு ஒன்றுக்காக ஓடுவதில் காசும் நாளும் வீண்.

அடுத்தது பீரோ, அதாவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு. புறப்படுமுன் பதிந்தே ஆகவேண்டும், கட்டுநாயக்காவில் பார்ப்பார்கள். பதிந்தால் காப்புறுதியும் சேர்ந்து வரும். ஏஜென்சியின் அனுமதிப்பத்திரம் உண்மையானதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். உங்கள் பிரதேச செயலகத்திலும் இதற்கென்று ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். சனம் அவரிடம் போவது குறைவு. போங்கள், காசில்லாமல் ஆலோசனை சொல்வது அவருடைய வேலை.

4. கடன்: எதை வைக்கலாம், எதைத் தொடக்கூடாது

கையில் காசோடு போகிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. எனவே எங்கே கடன் வாங்குவது என்பதும் செலவுக் கணக்கில் ஒரு பகுதி.

நகையை வங்கியில் வைப்பதுதான் உள்ளதில் பாதுகாப்பானது. வட்டி தெரியும், பற்றுச்சீட்டு இருக்கும், தவணை இருக்கும். நுண்கடன் கம்பனியின் கிழமைக் கடனை இதற்கு எடுக்கவே வேண்டாம். உங்கள் முதல் சம்பளம் வருமுன் அவர்கள் அம்மாவின் வாசலில் ஐந்தாறு தரம் வந்து நின்றிருப்பார்கள். நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அரசாங்கம் பெர்மிற்றில் கொடுத்த காணியின் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்துக் காசு வாங்குவதும் வேண்டாம். அனுமதி இல்லாமல் அந்தக் காணியை ஈடு வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. பிரச்சினை என்று வந்தால் நீங்கள் முறையிடப் போக இடமே இருக்காது.

எந்தக் கடனாக இருந்தாலும் திருப்பிக் கட்டுவது மூன்றாம் மாதத்திலிருந்து என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். காரணம் அடுத்த தலைப்பில்.

5. முதல் 45 நாள்

சம்பளம் மாதம் முடிந்துதான் வரும். சம்பள நாள் கடந்து 15 நாள் வரை அங்கு “தாமதம்” என்று கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே மாத முதலாம் திகதி வேலையில் சேர்ந்தாலும் முதல் காசு கையில் வர 45 நாள் ஆகலாம். இந்த 45 நாளில்தான் ஆட்கள் உடைந்துபோகிறார்கள். அறைக்காரனிடம் கடன், கூட வேலை செய்பவனிடம் கடன், பிறகு முதல் சம்பளம் முழுவதும் அந்தக் கடனுக்கே போய்விடும். ஊரில் “போய் இரண்டு மாதம், ஒரு சதம் அனுப்பவில்லை” என்று கதை வரும்.

கம்பனி அறை கொடுத்தால் 800 முதல் 1,000 திர்ஹம் கையில் இருந்தால் சமாளிக்கலாம். அறை நீங்கள்தான் எடுக்கவேண்டும் என்றால் முதல் மாத வாடகை, அதே அளவு முற்பணம், சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து 3,000 திர்ஹம் வேண்டும். அது 2,40,000 ரூபா. ஓம், ரிக்கெற்றை விடக் கூட. அதனால்தான் ரிக்கெற் காசு சேர்ந்தவுடன் “எல்லாம் ரெடி” என்று நினைக்க வேண்டாம் என்கிறேன்.

காசை இங்கேயே வங்கியிலோ அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்திலோ திர்ஹமாக மாற்றிப் பற்றுச்சீட்டோடு கொண்டுபோங்கள். இலங்கை ரூபாவை அங்கே மாற்றப் போனால் நட்டம். போனதும் எடுக்கும் இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, எமிரேட்ஸ் அடையாள அட்டை இவை முதலாளியின் செலவு. ஆனால் நெஞ்சில் பழைய சளித் தழும்பு ஏதும் இருந்தால் அங்கே போய்த்தான் தெரிய வேண்டும் என்றில்லை. இங்கேயே ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

சூட்கேஸில் வெற்றிலை, கசகசா இரண்டும் வேண்டாம், தடை. கொடீன், ட்ரமடோல் கலந்த நோவு மாத்திரைகளும் கட்டுப்பாட்டில் உள்ளவை. மிளகாய்த்தூளும் மாசிக்கருவாடும் அம்மா எப்படியும் வைப்பார், அது பரவாயில்லை, நன்றாக ஒட்டிக் கட்டுங்கள்.

6. படுக்கை

சம்பளத்தில் பெரிய துண்டு போவது இங்கேதான். தனி அறை என்ற எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். டெய்ரா, பர் டுபாய், சத்வா, அல் குசைஸ் பக்கங்களில் ஒரு கட்டில் மாதம் 600 முதல் 1,000 திர்ஹம் வரை போகும். மெற்றோவுக்குக் கிட்ட என்றால் கூட. பலகையால் தடுத்த சிறு அறைக்கு அதைவிட மேலே.

பார்க்கப் போகும்போது இரவில் போங்கள். பகலில் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், அறை அமைதியாக, விசாலமாகத் தெரியும். இரவு ஒன்பது மணிக்குப் போனால்தான் எத்தனை சோடிச் செருப்பு வாசலில் கிடக்கிறது, குளியலறைக்கு எத்தனை பேர் துவாயோடு நிற்கிறார்கள், குளிர்ப்பெட்டியில் உங்களுக்கு ஒரு தட்டு கிடைக்குமா என்று தெரியும். மெத்தையின் ஓரத் தையலை விரலால் விரித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். மேல் கட்டில் மலிவு, ஆனால் ஏசி காற்று நேரே முகத்தில் அடிக்கும்.

மின்சாரம், தண்ணீர், வைஃபை, கேஸ் எல்லாம் வாடகைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். கோடையில் வெளியே 40 பாகையைத் தாண்டும், ஏசி இரவு பகலாக ஓடும். “பில்லைப் பிரித்துக்கொள்வோம்” என்ற அறையில் யூலை மாதம் உங்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கும்.

பெரிய பொறி வேறொன்று. அந்த வீட்டின் வாடகை ஒப்பந்தப் பதிவில், அதை எஜாரி என்பார்கள், உங்கள் பெயர் தங்குபவராகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா? குடியிருப்பவர் எல்லோரையும் பதிய வேண்டும் என்பது 2022 முதல் விதி. அனுமதியில்லாமல் பலகை தடுத்து ஆட்களை நெருக்கி வைத்திருந்த வீடுகளை 2025 யூனில் டுபாய் மாநகரசபை பல பகுதிகளில் சோதித்து அகற்றியது. அப்படி ஒரு நாள் வந்தால் முற்பணமும் போய், இரவோடிரவாகப் பெட்டியும் கையுமாக நிற்க வேண்டிவரும். முற்பணம் கொடுத்தால் வட்ஸ்அப்பில் என்றாலும் சரி, தொகையையும் திகதியையும் எழுதி வாங்குங்கள்.

பக்கத்தில் உள்ள ஷார்ஜா மலிவு என்று சொல்வார்கள். உண்மை. ஆனால் உங்கள் வேலை டுபாயில் என்றால் காலையிலும் மாலையிலும் அல் இத்திஹாத் வீதி நெரிசலில் நித்திரையை இழப்பீர்கள். வேலை டெய்ரா, குசைஸ் பக்கமாக இருந்தால் யோசிக்கலாம். டுபாயின் மறுகோடியில் உள்ள ஜெபல் அலி என்றால் என் பதில் “வேண்டாம்”.

7. சாப்பாடு

மூன்று வழி. கடையில் சாப்பிட்டால் ஒரு நேரச் சோற்றுக்கு 12 முதல் 18 திர்ஹம், மாதக் கணக்கில் கட்டுபடியாகாது. மெஸ் என்றால் மாதம் 400 முதல் 500, பெரும்பாலும் மலையாளிகள் நடத்துவது, சாப்பாடு நேரத்துக்கு வரும். அறையில் நாலு பேர் சேர்ந்து சமைத்தால் ஆளுக்கு 300 அளவில் முடிக்கலாம். ஆனால் முறை வைத்துச் சமைக்கும் ஒழுங்கு குலைந்தால் சண்டைதான். முதல் மாதம் மெஸ், அறை ஆட்களின் குணம் தெரிந்த பிறகு கூட்டுச் சமையல் என்பது என் ஆலோசனை.

தேத்தண்ணி 1, 2 திர்ஹம்தானே என்று நாளுக்கு நாலு குடித்தால் மாதம் 150, 200 போய்விடும். சிகரெட் பழக்கம் இருந்தால் அந்தக் கணக்கை நான் எழுதவில்லை, நீங்களே போடுங்கள்.

8. பயணமும் போனும்

மெற்றோ, பஸ்ஸுக்குப் பாவிக்கும் நோல் கார்ட் 25 திர்ஹம், அதில் 19 பாவிக்கலாம். ஒரு வலயத்துக்குள் 3, இரண்டு வலயத்துக்கு 5, அதற்கு மேல் 7.50. முப்பது நாள் பாஸ் 140, 230, 350. ஆறு நாள் வேலை என்றால் பாஸ் இலாபம்: இரண்டு வலயத்துக்கு 26 நாள் போய்வரச் சில்லறையாக 260 ஆகும். ஐந்து நாள் வேலை என்றால் 220தான், பாஸ் எடுப்பது நட்டம்.

தண்டப்பணம் வேறு. மெற்றோவுக்குள் சாப்பிட்டாலோ குடித்தாலோ 100 திர்ஹம். பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறினால் 100. கடவை இல்லாத இடத்தில் வீதியைக் கடந்தால் 400. ஏ-9 வீதியில் மாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே கடந்து பழகிய எங்களுக்கு இந்தக் கடைசியில்தான் கைவைப்பார்கள். வேலையிழப்புக் காப்புறுதி மாதம் 5 திர்ஹம், எடுக்காவிட்டால் தண்டம் 400. கம்பனி எடுத்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

வட்ஸ்அப்பில் குரல், காணொளி அழைப்பு அங்கே வேலை செய்யாது, செய்தி மட்டும்தான். போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலியைப் புறப்படுமுன் அம்மாவின் போனிலும் போட்டு, எப்படி எடுப்பது என்று காட்டிவிட்டுப் போங்கள்.

9. வீட்டுக்குக் காசு அனுப்புதல்

நாணயமாற்று நிலையத்தில் ஒரு தரம் அனுப்ப 20 திர்ஹம் அளவில் கட்டணம். அம்மா கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாக அனுப்பினால் மாதம் 80 திர்ஹம் கட்டணத்துக்கே போகும். ஒரே தரத்தில் அனுப்புங்கள். கட்டணத்தோடு அன்றைய மாற்று விலையையும் பாருங்கள், சில இடங்களில் கட்டணம் குறைவு, விலையில் பிடித்துவிடுவார்கள். வங்கி வழியாக அல்லாமல் அனுப்பும் உண்டியல் முறையில் விலை கூடுதலாகத் தருவார்கள்தான். பிடிபட்டால் இரண்டு நாட்டிலும் பிரச்சினை, காசு வராவிட்டால் கேட்கவும் ஆளில்லை. வீட்டில் வங்கிக் கணக்கை நீங்கள் புறப்படுமுன்னே திறந்து இலக்கத்தை எழுதி வையுங்கள்.

கோயில் திருவிழா, பள்ளிக்கூட மதில், விளையாட்டுக் கழகம் என்று ஊரிலிருந்து சேர்ப்புக் கேட்பார்கள். நீங்கள் உங்கள் காசைக் கொடுப்பது வேறு. வட்ஸ்அப் குழுவில் போட்டு மற்றவர்களிடம் நிதி சேர்ப்பது அமீரகத்தில் அனுமதியில்லாதவர் செய்யக்கூடாத வேலை, தண்டம் இலட்சக்கணக்கான திர்ஹம் வரை போகும். ஊர்ப் பெரியவர்களுக்கு இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

10. குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால்

சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000உம் கம்பனி வீடும் இருந்தால்தான் குடும்ப வீசாவுக்குக் கேட்கலாம். கேட்கலாம் என்பதால் கட்டும் என்று அர்த்தமில்லை. வீடு எடுத்தால் தரகருக்கு வருட வாடகையில் 5 வீதம், முற்பணம் இன்னொரு 5 வீதம், தளபாடத்தோடு என்றால் 10, மின்சாரம் தண்ணீருக்கு 2,000 திர்ஹம் வைப்பு. அதற்குமேல் வருட வாடகையில் 5 வீதம் வீட்டு வரியாக, மாதங்களுக்குப் பிரித்து மின்சாரப் பில்லில் ஏறி வரும், அதை யாரும் முதலில் சொல்வதில்லை. வாடகையைப் பின்திகதியிட்ட காசோலைகளாக வாங்குவார்கள். காசோலை எண்ணிக்கை குறைந்தால் வாடகையைப் பேசிக் குறைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் பெரிய தொகையாக இருக்கும். ஒன்று திரும்பினாலும் விவகாரம் நீதிமன்றம்வரை போகலாம். அந்தத் திகதிகளைச் சம்பளத் திகதிக்குப் பிறகு ஒரு கிழமையாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள்.